நிறைவுற்றவர்களின் வரிசை

பொது மருத்துவமனையின் பின்கட்டில், சலவைக்கூடத்துக்கும் பிணவறைக்கும் இடையே, கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கென்று ஒரு தனிப் பிரிவு இயங்கிவந்தது. அதற்கு நிறைவுப் பிரிவு என்று பெயர். கருக்குழாயைக் கட்டிக்கொண்ட பெண் அன்று முதல் நோயாளி அல்லள், அவள் 'நிறைவுற்றவர்'. நிறைவுற்றவருக்கு என்ன குறை வந்தாலும் இந்தப் பிரிவுக்கே வரவேண்டும், வேறெங்கும் செல்லக் கூடாது என்பது முதல் விதி. நிறைவுற்றவருக்குக் குறை வராது என்பது இரண்டாவது விதி. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். பிரிவு தொடங்கிய நாள் முதல் அவை மோதியதாகத் தகவல் இல்லை.

வாயிற்சுவரில், 'அறுவைச் சிகிச்சையால் மாதவிடாயில் மாற்றம் ஏற்படுவதில்லை' என்று நீல நிறத்தில் எழுதியிருந்தது. வாக்கியத்தில் பிழை இல்லை. மருத்துவ நூல்களும் ஏறக்குறைய அதையே கூறுகின்றன. 'ஏறக்குறைய' என்ற சொல்லுக்குத்தான் சுவரில் இடம் போதவில்லை.

அந்தச் சுவரைக் கடந்து உள்ளே வந்தவள் ஒரு மின்தூக்கி இயக்குபவள். பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில், இழுத்து மூடும் இரும்புக் கதவு கொண்ட மின்தூக்கிக்குள் முக்காலியில் அமர்ந்து அதை மேலும் கீழும் செலுத்துவது அவள் வேலை. கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் லிஃப்ட் அக்கா. நரைத்த கணக்காளர்கள்கூட அவளை அக்கா என்றே அழைத்தார்கள். அவளும் அதைத் திருத்தியதில்லை.

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். இளையவன் பள்ளிக்குப் போகத் தொடங்கும்வரை அவள் கருத்தடை மாத்திரை விழுங்கிவந்தாள். பிறகு மாத்திரையை விட்டுவிட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாள். தொல்லை அதன் பின்னரே தொடங்கியது. முன்பெல்லாம் சத்தமில்லாமல் வந்து போன மாதவிடாய், இப்போது வீட்டுக்கு வந்த உறவினர்போல் மாதத்தில் பாதியைத் தின்றது. கட்டிகட்டியாகப் போயிற்று. சாம்பல் நிறச் சீருடையைக் கருநீலமாக மாற்றித் தைத்துக்கொண்டாள். முக்காலியின்மேல் மடித்த துண்டு ஒன்றும் அதன்மேல் இன்னொன்றும் விரித்தாள். ஒரு படியும் ஏறாமல் ஒன்பதாம் மாடிக்கு வந்து சேர்ந்தாலும், ஒன்பது மாடியும் நடந்து ஏறியவள்போல் அவளுக்கு மூச்சு வாங்கியது.

நண்பகலுக்குள் இருமுறையாவது அவள் மின்தூக்கியைத் தரைத்தளத்தில் நிறுத்திவிட்டு அடித்தளக் கழிப்பறைக்கு ஓடவேண்டியிருந்தது. மாடிகளில் காத்திருந்தவர்கள் மணியை அழுத்தினார்கள். மணியோசை கட்டட மேலாளரின் அறைவரை எட்டியது.

"எங்கம்மா போற நீ அடிக்கடி?" என்று ஒருநாள் அவர் கேட்டார். "போன் பேசப் போறியா?"

"இல்லைங்க சார்."

"அப்ப எங்க?"

காரணத்தைச் சொல்வதைவிடப் போன் பேசியதாக இருப்பதே மரியாதை என்று அவளுக்குத் தோன்றியது.

"நானும் இளகின மனசுக்காரன்தான்," என்றார் மேலாளர், இளகாத முகத்துடன். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறமும் லிஃப்டு அனாதையா நின்னுச்சுன்னா, பட்டன் வச்ச லிஃப்டு போடச் சொல்லி மேல எழுதிடுவேன். பட்டனுக்கு வெளிய போற வேலை எதுவும் இருக்காது பாரு."

ஆகவே மாதம் முடிவதற்குள் அக்காவுக்கு உதிரப்போக்கு நிற்கவேண்டும். அல்லது வேலை நின்றுவிடும்.

வீட்டில் ஆளுக்கொரு சந்தேகம் இருந்தது. அவள் கணவர் பள்ளி வண்டி ஓட்டுநர். வண்டியைப் பழுதுபார்ப்பவர்கள் ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் கெடுத்துவிடுவார்கள் என்பது அவர் அனுபவம்.

"ஒழுங்காத்தான் கட்டினாங்களா?" என்று அவர் கேட்டார். "இல்ல, வேற எதையாவது கட்டிட்டாங்களா?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் மயக்கத்துல இருந்தேன்."

"உள்ள கத்தரிக்கோல் கித்தரிக்கோல் ஏதாவது..."

"நீங்க வேற பயமுறுத்தாதீங்க. கத்தரிக்கோல வச்சுத் தச்சிருந்தா நடக்கும்போது சத்தம் வராதா?"

அன்று இரவு அவள் நடக்கும்போதெல்லாம் அவர் காது கொடுத்துக் கேட்டார்.

*

அக்கா முதலில் சென்றது மகளிர் புறநோயாளிப் பிரிவுக்கு. அங்கே மேசையில் இருந்த செவிலி நிமிராமலே கேட்டாள்.

"குழந்தைங்க?"

"ரெண்டு."

"ஆபரேஷன் ஆச்சா?"

"ஆச்சு சிஸ்டர். அதுலருந்துதான் ரத்தம் ரொம்ப..."

"ஆபரேஷன் ஆனவங்க பின்கட்டுக்குப் போங்க."

"ரத்தம் போகுது சிஸ்டர்."

"எது போனாலும் பின்கட்டுதான். அடுத்தவங்க வாங்க."

பின்கட்டின் நிறைவுப் பிரிவு மருத்துவமனையிலேயே அழகான இடம். மற்ற பிரிவுகளில் இரும்புப் பெஞ்சு. இங்கே மெத்தை வைத்த நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் தூய வெள்ளை உறை. இங்கு வருவோருக்கு எந்தத் தொல்லையும் இல்லை என்பதை வருகிறவர் தாமாகவே உணரும் பொருட்டு அந்த நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டதாம். அக்கா நாற்காலியைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் போய் நின்றுகொண்டாள். அவளுக்கு முன் வந்திருந்த பெண்களும் சுவரோரமாகவே நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஆலோசகர் ஒரு பெண்மணி. நடுத்தர வயது, மடிப்புக் கலையாத உடை, மார்பில் பெயர்ப்பட்டை. அவர் குரலை உயர்த்துவதே இல்லை. இரக்கம்போலவே தோற்றமளிக்கும் ஒரு பொறுமை அவரிடம் இருந்தது.

"உக்காருங்க."

"பரவால்ல மேடம்."

'அமர மறுக்கிறார், அமைதியின்மை,' என்று ஆலோசகர் குறித்துக்கொண்டார். "சொல்லுங்க. உங்களுக்குத் திருப்தியா, ரொம்பத் திருப்தியா?"

"எது மேடம்?"

"பொதுவா."

"மேடம், ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு அதிகமாப் போகுது."

"எதை விட அதிகமா?"

"முன்னாடியை விட."

"முன்னாடி எவ்வளவு போச்சுன்னு அளந்து வச்சிருக்கீங்களா?"

"அதை யாராவது அளப்பாங்களா மேடம்?"

"அப்ப எப்படி ஒப்பிடுறீங்க?" ஆலோசகர் கனிவுடன் சாய்ந்தார். "பாருங்கம்மா, நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லவே இல்ல. முன்னாடி இருந்ததை மறந்துட்டீங்கன்னுதான் சொல்றேன். குழந்தை பெத்தவங்களுக்கு ஞாபகம் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."

"எனக்கு ஞாபகம் நல்லாவே இருக்கு மேடம்."

"அதையும் பாத்துடுவோம்," என்று ஆலோசகர் அவளை அடுத்த அறைக்கு அனுப்பினார்.

அடுத்த அறையில் நினைவாற்றலைச் சோதிக்கவென்றே ஓர் அலுவலர் இருந்தார். நிறைவுற்றவர் ஒருவர் மாற்றம் என்று கூறினால், மாற்றத்துக்கு முன்பிருந்த நிலையை அவர் சரியாக நினைவில் வைத்திருக்கிறாரா என்று அறிவது அவர் கடமை. போன வாரம் என்ன நிறத்தில் உடுத்தினாள், அடுத்த வீட்டுக்காரர் கடைசியாக எப்போது தும்மினார் என்ற வகையில் அவர் கேள்விகள் அமைந்தன. பெரும்பாலோர் இதில் தவறிவிடுவார்கள். அவர்களுடைய நினைவு நம்பத்தக்கதன்று என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

லிஃப்ட் அக்கா தவறவில்லை. காலையில் யார் எந்த மாடியில் ஏறினார், யார் எங்கே இறங்கினார், எவர் கையில் குடை இருந்தது, எவர் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார் என்பதையெல்லாம் அவள் வரிசையாகச் சொன்னாள். அலுவலர் பேனாவை மூடினார். அவர் முகம் வாடிவிட்டது.

"இவ்வளவு ஞாபகம் இருக்கறது இயல்பு இல்லையேம்மா," என்றார்.

"அப்ப நான் சொல்றது நிஜம்னு எழுதுவீங்களா சார்?"

"எப்படி எழுதறது? நீங்க எதையும் அளவுக்கு மீறிக் கவனிக்கிறீங்க. சாதாரணமாப் போறதையும் கவனிச்சுக் கவனிச்சு அதிகமாக்கிட்டீங்க. கவனிக்கறதைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க. தானா குறையும்."

மறந்தவளுக்கு மாற்றம் இல்லை. மறக்காதவளுக்கு மாற்றம் அவள் கண்ணில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வாயிற்சுவரின் வாக்கியத்துக்குக் கீறல் விழாமல் இருந்தது.

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. இயக்குநரைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று நடைவழியில் நின்றாள். நின்ற இடத்தில் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நடைவழியில் யாரேனும் விழுந்தால் அது துப்புரவுத் துறையின் கேள்விக்கு உள்ளாகும் என்பதால் அவளை உள்ளே அனுப்பினார்கள்.

நிறைவுப் பிரிவின் இயக்குநர் பருத்த, அத்தர் மணக்கும் மனிதர். மேசையில் கேடயங்கள் அடுக்கியிருந்தன. அவர் முதலில் கதவைச் சாத்தினார். பிறகு சன்னலையும் சாத்தினார்.

"உண்மையைச் சொல்லும்மா. உன்னை யார் அனுப்பினது?"

"நர்சம்மாதான் சார் பின்கட்டுக்குப் போன்னு..."

"அது இல்ல. பிரசவப் பிரிவுல யாராவது சொல்லி விட்டாங்களா? நம்ம பிரிவு வளர வளர அவங்களுக்கு வேலை குறையுது. வயித்தெரிச்சல்."

"எனக்கு யாரையும் தெரியாது சார். எனக்கு ரத்தம் நிக்கணும், அவ்வளவுதான். நிக்கலேன்னா வேலை போயிடும்."

இயக்குநர் அவளை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, ஒரு நல்ல மனிதர் தம் மனத்தைத் திறந்து காட்டும் தொனியில் பேசத் தொடங்கினார்.

"இந்தப் பிரிவு ஆரம்பிச்ச நாள்லருந்து ஒரு புகார் கூட வந்ததில்ல. அது ஏன்னு நினைக்கிற? புகார் வாங்கறதுக்கு இங்க ஆள் போடல. ஆள் போட்டா வரும். வந்தா எழுதணும். எழுதினா எண்ணிக்கை. எண்ணிக்கை ஏறினா மேல இருந்து கேப்பாங்க, ஏன் ஏறுச்சுன்னு. இப்ப நீ சொல்லு, உனக்கு ரத்தம் போனது ஆபரேஷனாலயா, இல்ல நான் அதை எழுதினதாலயா? எழுதாத வரைக்கும் ஊருக்கு ஒரு கஷ்டமும் இல்ல. நான் பொம்பளைங்க மேல அக்கறை உள்ளவன்மா. அதனாலதான் எதையும் கேட்டுக்கறதில்ல."

"என் வயித்தை யாராவது தொட்டுப் பாத்தா போதும் சார்."

"தொட்டா? ஆபரேஷன் ஆனவங்களைப் பரிசோதிச்சா என்ன அர்த்தம் ஆகும் தெரியுமா? நமக்கே நம்ம மேல சந்தேகம்னு அர்த்தம்." அவர் சற்று யோசித்தார். "ஒண்ணு பண்றேன். நியாயமா இருக்கணும் இல்லையா? ரெண்டு பேரை அனுப்பறேன். நீ வேலை செய்யற இடத்துலயே நேர்ல பாத்து எழுதட்டும். மாற்றம் கண்ணுல பட்டா நானே ஒத்துக்கறேன்."

*

நேர்ப்பார்வையாளர்கள் இருவரும் ஆண்கள். காலையில் மின்தூக்கிக்குள் ஏறியவர்கள் மாலைவரை இறங்கவில்லை. ஒருவர் அக்காவின் வலத் தோளுக்குப் பின்னாலும் மற்றவர் இடத் தோளுக்குப் பின்னாலும் நின்று, அவள் மேலே போவதையும் கீழே வருவதையும் உற்றுக் கவனித்து எழுதினார்கள். ஆறு பேர் ஏறவேண்டிய பெட்டியில் நான்கு பேரே ஏற முடிந்தது.

"யாருக்கா இவங்க?" என்று ஐந்தாம் மாடிக் கணக்காளர் அவள் காதருகே கேட்டார். "வரித்துறையா?"

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்," என்றாள் அக்கா.

பிற்பகலுக்குள் கட்டடம் முழுவதும் செய்தி பரவிற்று. நான்கு அலுவலகங்கள் முன்கூட்டியே கதவடைத்தன. மூன்றாம் மாடியில் யாரோ தாள்களைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

அக்கா கழிப்பறைக்கு ஓடியபோது நேர்ப்பார்வையாளர்களும் வாசல்வரை ஓடினார்கள். வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே செல்லும் அதிகாரம் தங்களுக்கு வழங்கப்படவில்லை என்று தெளிந்து திரும்பினார்கள். மாலையில் இடப்பக்கத்தவர் மேலும் கீழும் போய் வந்த மயக்கத்தில் ஏழாம் மாடியில் வாந்தி எடுத்தார். அறிக்கையில், 'உதிரப்போக்கு எங்கும் காணப்படவில்லை. மேற்படியார் நாள் முழுவதும் மேலும் கீழும் செல்கிறார். தலைசுற்றல் அதனால் விளைந்ததே. தலைசுற்றல் எமக்கும் ஏற்பட்டது. யாம் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் அல்லோம். ஆகவே அறுவைச் சிகிச்சை காரணமன்று,' என்று எழுதியிருந்தார்கள். தருக்கத்தில் ஓட்டை இல்லை. அதை அப்படியே அச்சிட்டு நிறைவுப் பிரிவின் சுவரில் ஒட்டினார்கள்.

கட்டட மேலாளர் அக்காவை அழைத்தார். இம்முறை அவர் எழுந்து நின்று பேசினார்; வரித்துறையோடு தொடர்புடையவளாக அவள் இருக்கக்கூடும் என்ற அச்சம் அவருக்கும் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா. ஆனா மாசக் கடைசி மாசக் கடைசிதான்."

அன்று மாலை அவளுடைய நாத்தனார் வந்திருந்தாள். பூட்டுக்கடையில் சாவி வெட்டுபவள். தன் தொழிலின் பாதிப்பால், உலகில் எல்லாக் கதவுகளும் தன்னை வெளியே நிறுத்தவே பூட்டப்பட்டிருக்கின்றன என்று நம்புகிறவள்.

"என்ன அண்ணி, காகிதம் மாதிரி வெளுத்துப் போயிட்டீங்க? எங்கண்ணன் சோறு போடறதில்லையா?"

"உங்கண்ணன் தினமும் என் வயித்துல கத்தரிக்கோல் சத்தம் கேக்குதான்னு பாத்துட்டிருக்காரு."

நடந்ததையெல்லாம் கேட்டு முடித்த நாத்தனார் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி உங்களைப் பரிசோதிச்சாங்களா அண்ணி?"

"அப்ப என்னமா கவனிச்சாங்க தெரியுமா? ரத்தம் பாத்தாங்க, வயித்துல படம் எடுத்தாங்க, நெஞ்சுல மெஷின் வச்சாங்க. தண்ணி வேணுமா தண்ணி வேணுமான்னு நாலு பேர்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எவ கேக்கறா?"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. ஆபரேஷனே ஆகலைன்னு சொல்லிட்டுப் போங்க."

"பொய் சொல்றதா?"

"நீங்க உண்மையைச் சொன்னப்ப அவங்க நம்பினாங்களா?" என்றாள் நாத்தனார். "நம்பாதவங்ககிட்ட எதைச் சொன்னா என்ன? பிள்ளை ரெண்டு, ஆபரேஷன் ஆகலை, பண்ணிக்க வந்திருக்கேன். அப்புறம் பாருங்க, உங்களை எப்படித் தாங்குறாங்கன்னு."

கணவர் எதிர்ப்பார் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவரோ யோசித்து, "ரெண்டாவது தடவையும் கட்டிப்புடப் போறாங்க, ஜாக்கிரதை," என்று மட்டும் கூறினார்.

*

"குழந்தைங்க?"

"ரெண்டு."

"ஆபரேஷன் ஆச்சா?"

"இல்ல சிஸ்டர். பண்ணிக்கலாம்னு வந்தேன்."

செவிலி நிமிர்ந்தாள். அவள் முகம் மலர்ந்ததை அக்கா அன்றுதான் பார்த்தாள். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். யாரோ மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார்கள். கைப்பையை வாங்கிக்கொண்ட ஊழியரை அவள் சந்தேகத்துடன் பார்த்து, பையைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் அறைக்குத் தள்ளுவண்டியில் அழைத்துச் சென்றார்கள். நடப்பேன் என்று கூறியும் விடவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன் அவள் மருத்துவமனையின் சொத்து.

ஸ்கேன் அறையில் ஒரு பெண் மருத்துவர் இருந்தார். அதிகம் பேசாதவர். வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தியவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"பீரியட்ஸ் எப்படிம்மா இருக்கு?"

அந்தக் கேள்வியை ஒருவர் அவளிடம் கேட்டது அதுவே முதல்முறை. எத்தனை நாள், எத்தனை துண்டு என்று அக்கா வரிசையாகக் கூறினாள். மருத்துவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"கருப்பைக்குள்ள ஒரு கட்டி இருக்கு. சதைக்கட்டி. புற்று மாதிரி தெரியல, பயப்படாதீங்க. அதுதான் இவ்வளவு போகவைக்குது. உடம்புல இருக்கவேண்டிய ரத்தத்துல பாதிதான் இருக்கு உங்களுக்கு. எப்படி நடமாடுறீங்க?"

"நான் நடக்கறதில்ல டாக்டர். லிஃப்டுல வேலை." அவள் தயங்கினாள். "கத்தரிக்கோல் ஏதாவது தெரியுதா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

மருத்துவரின் பார்வை தொப்புளுக்குக் கீழே இருந்த சிறு தழும்பில் நின்றது. அதை அவர் ஒரு விரலால் தொட்டார். அக்கா கூரையைப் பார்த்தாள். பிறகு, எப்படியும் தெரிந்துபோயிற்று என்று எண்ணி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தீங்கல்ல, அது போக்கைக் குறைச்சு வச்சிருக்கும்," என்றார் மருத்துவர். "ஆபரேஷனுக்காக நிறுத்தினதும் உங்க சொந்தப் போக்கு வெளிய வந்திருக்கும். கட்டியும் அதே சமயம் வளர்ந்திருக்கு. ஆபரேஷன் இதைப் பண்ணல. ஆனா நீங்க சொன்ன மாற்றம் நிஜம். இதை அப்பவே ஒருத்தர் பாத்திருந்தா..."

அதற்குள் கதவு திறந்தது. புதிதாக வந்திருப்பவரை வரவேற்க ஆலோசகர் பூங்கொத்துடன் நின்றிருந்தார். பூங்கொத்துக்கு மேலே அவருடைய புன்னகை அக்காவைக் கண்டு அப்படியே உறைந்தது.

இயக்குநரின் அறையில் இம்முறையும் கதவும் சன்னலும் சாத்தப்பட்டன.

"ஆபரேஷன் ஆனவ ஆகலைன்னு சொல்றது எவ்வளவு பெரிய மோசடி தெரியுமா?" என்று தொடங்கிய இயக்குநர், ஸ்கேன் படத்தைக் கண்டதும் நிறுத்தினார். படத்தைத் திருப்பிப் பார்த்தார். மருத்துவர் எழுதியதை வாசித்தார். அவர் முகத்தில் விடியல் போன்று ஒன்று பரவிற்று.

"கட்டி," என்றார் மெதுவாக. "கட்டிதான். அப்ப ஆபரேஷன் காரணமில்ல. நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

"நீங்க எனக்கு எதுவுமே ஆகலைன்னு சொன்னீங்க சார்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. நிறைவு விழா வருது. மேலிடத்துலருந்து எல்லாம் வர்றாங்க. நீ மேடையில ஏறி ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். ஆபரேஷனால எனக்கு மாற்றம் வரலைன்னு. அது உண்மைதானே? சொன்னா இந்த மோசடியை நான் மறந்துடறேன். கட்டிக்கும் வைத்தியம் பண்ணச் சொல்றேன்."

அக்கா அவரையும் ஆலோசகரையும் மாறிமாறிப் பார்த்தாள். இந்த அறையில் இதுவரை அவளுக்குக் கிடைத்தவற்றில் எதுவும் கேட்டபடி கிடைத்ததில்லை.

"முதல்ல வைத்தியம் சார்," என்றாள். "அப்புறம் பேச்சு."

"எங்க மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"இல்லைங்க சார்."

ஆலோசகர் எதையோ எழுதப் போய், எழுதாமல் விட்டார்.

*

வைத்தியம் நடந்தது. இரத்தம் ஏற்றினார்கள், கட்டியை வயிற்றைக் கிழிக்காமல் கருப்பையின் வாய் வழியாகவே அகற்றினார்கள். பெண் மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்றைக் கட்டட மேலாளர் இருமுறை வாசித்தார். 'கருப்பை' என்ற சொல்லைக் கண்டதும் மூன்றாம் முறை வாசிக்க விரும்பாமல் கையொப்பமிட்டார். விடுப்பு முடிந்து அக்கா முக்காலிக்குத் திரும்பினாள். மின்தூக்கி தரைத்தளத்தில் அனாதையாக நிற்பது நின்றது. மணியும் ஓய்ந்தது.

நிறைவு விழாவில் மேடை நிறைய மலர்கள். கூடம் நிறைய வெள்ளை நாற்காலிகள். நிறைவுற்றவர்கள் பலர் பின்சுவரோரம் நின்றிருந்தார்கள். இடம் போதாமையே தம் பிரிவின் வெற்றிக்குச் சான்று என்று இயக்குநர் மேலிடத்தாருக்கு விளக்கினார். முன்வரிசைகள் காலியாக இருந்தன. அக்காவை ஒலிபெருக்கி முன் நிறுத்தினார்கள்.

"ஆபரேஷனால எனக்கு மாற்றம் வரலை," என்றாள் அக்கா.

இயக்குநர் கைதட்டினார். மேலிடத்தாரும் தட்டினார்கள். அவள் இறங்கவில்லை.

"வந்த மாற்றம் கட்டியால வந்துச்சு. மாத்திரையை நிறுத்தினதால வெளிய தெரிஞ்சுது. இது ஆபரேஷனுக்கு முன்னாடி பண்ற பரிசோதனைல தெரிஞ்சுது. ஆபரேஷன் இன்னும் ஆகாதவங்களுக்கு அந்தப் பரிசோதனையை ரொம்ப நல்லாப் பண்றாங்க. எல்லாரும் பண்ணிக்கணும்னு கேட்டுக்கறேன்."

பேச்சில் பிரிவுக்கு எதிரான சொல் ஒன்றுகூட இல்லை. இயக்குநர் இன்னும் பலமாகத் தட்டினார். பின்சுவரோரம் நின்ற பெண்கள் தட்டவில்லை. அவர்கள் கடைசி வாக்கியத்தை யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுவாரம் மகளிர் புறநோயாளிப் பிரிவின் வரிசை வாயிலைத் தாண்டித் தெருவரை நீண்டது. எல்லோருக்கும் இரண்டோ மூன்றோ பிள்ளைகள். ஒருவருக்கும் அறுவைச் சிகிச்சை ஆகவில்லை. அதற்கடுத்த வாரம் வரிசை இன்னும் நீண்டது. பெண் மருத்துவர் எல்லோரையும் பரிசோதித்தார்; எந்தத் தழும்பையும் பார்க்கவில்லை. ஒருத்திக்குத் தைராய்டு. ஒருத்திக்கு மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்கியிருந்தது. சிலருக்கு மாத்திரையை நிறுத்தியதைத் தவிர வேறெதுவும் இல்லை. அதை ஒருவர் வாயால் கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

பரிசோதனைக்குப் பின் ஒருவரும் அறுவைக்கூடத்தை எட்டிப் பார்க்கவில்லை. அது அறுவைக்கூடத்தின் குறை என்றார் இயக்குநர். அறுவைச் சிகிச்சை கேட்டு வருவோர் இதுவரை இல்லாத அளவுக்குப் பெருகிவிட்டதற்காக அவருக்கு இன்னொரு கேடயம் கிடைத்தது. ஏற்புரையில், "பெண்கள் நம்மை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதற்கு இந்த வரிசையே சாட்சி," என்று கூறினார்.

அக்கா மறுபரிசோதனைக்காக வந்த நாளில் நடைவழிப் பெஞ்சில் அமர்ந்து அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழாவில் பின்சுவரோரம் நின்ற பெண்கள் சிலர் அதில் நின்றிருந்தார்கள். யாரும் அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எல்லோரும் செவிலியின் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பின்கட்டிலிருந்து ஆலோசகர் வந்தார். வரிசை சட்டென்று இறுகியது. ஒருத்தி துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி, பேருந்துக்குக் காத்திருப்பவள்போல் வேறு பக்கம் திரும்பினாள். இவர்களில் பெரும்பாலோருக்குப் பூங்கொத்து கொடுத்தவரே அவர்தாம். ஒவ்வொரு முகமும் அவருக்குத் தெரியும். பொய் சொல்பவர்களைக் காட்டிக்கொடுக்க வந்திருக்கிறார் என்றே அக்காவும் நினைத்தாள். மார்பில் பெயர்ப்பட்டை இல்லாததை அவள்தான் முதலில் கவனித்தாள்.

ஆலோசகர் யாரையும் பார்க்கவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றார். வரிசை நகர நகர அவரும் நகர்ந்தார். முன்னால் நின்றவள் ஒருமுறை திரும்பி, அவர் கையில் எழுதுபொருள் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அவர் முறை வந்தது. செவிலி நிமிராமலே கேட்டாள்.

"குழந்தைங்க?"

"ரெண்டு."

"ஆபரேஷன் ஆச்சா?"

ஆலோசகர் ஒரு கணம் மேசையின் விளிம்பைப் பார்த்தார்.

"இல்ல," என்றார்.

குரலை உயர்த்தாதவர் என்று பெயர்பெற்றவர். அந்தச் சொல் நடைவழியின் கோடிவரை கேட்டது. செவிலி நிமிர்ந்து பார்த்தாள். அவரை அவளுக்கும் தெரியும்; அவரும் நிறைவுற்றவர் என்பதும் தெரியும்.

"ஸ்கேனுக்குப் போங்க," என்றாள் செவிலி.

ஆலோசகர் நடைவழிக்கு வந்து, இடமும் வலமும் பார்த்துத் தயங்கி நின்றார். அவரை நம்பலாமா என்று அக்கா இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனாலும் எழுந்து, "இப்படி வாங்க மேடம்," என்று முன்னால் நடந்தாள். அந்த மருத்துவமனையில் இத்தனை ஆண்டுகள் பணியாற்றியும், பெண்களைப் பரிசோதிக்கும் அறைக்கு ஆலோசகர் பூங்கொத்துடன் போயிருக்கிறாரே தவிர, தமக்காக ஒருமுறையும் போனதில்லை.